சபிதாவின் பின்மாற்றம்

சபிதாவுக்கு மாதாமாதம் வயிற்றுவலி வரும் விஷயம் கல்லூரிக்குத் தெரிந்த நாளிலிருந்துதான் அவளுடைய கஷ்டகாலம் தொடங்கியது. வலி அதற்கு முன்பே, பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே உண்டு. அது தன்பாட்டுக்கு வரும், இரண்டு நாள் அவளைப் பாயில் சுருட்டிப் போடும், போய்விடும். அதற்கு நோக்கம் என்று எதுவும் கிடையாது. நோக்கம் கொடுத்தது கல்லூரி.

கல்லூரியின் பெயர் பொன்னுலிங்கம் நினைவுக் கலை அறிவியல் கல்லூரி. குலசேகரம் போகும் வழியில், பாதி ரப்பர் தோட்டத்தை வெட்டிவிட்டுக் கட்டியது. பொன்னுலிங்கம் உயிரோடுதான் இருக்கிறார், அவர்தான் தாளாளர். நினைவு யாருடையது என்று இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

சபிதா கணிதம் மூன்றாம் ஆண்டு. அப்பா குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர். வலி வரும் நாட்களில் வகுப்புக்கு வர முடியாமல் வருகைப் பதிவு குறைந்துபோய், பருவத் தேர்வு எழுதத் தகுதியற்றவர்கள் என்று பலகையில் ஒட்டிய தாளில் அவள் பெயரும் இருந்தது. அவளுக்கு மேலேயும் கீழேயும் இருந்தவர்கள் சினிமாவுக்கும் திற்பரப்பு அருவிக்கும் போய் அந்தத் தகுதியின்மையைச் சம்பாதித்தவர்கள். பாயில் படுத்துக் கிடந்து சம்பாதித்தவள் அவள் ஒருத்திதான்.

முதல்வரைப் பார்க்கப் போனாள். முதல்வர் செல்வதாஸ் கெட்டவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தன் கிறிஸ்தவ சபையில் மூப்பர், மற்ற நாட்களில் இங்கே முதல்வர். இரண்டு இடத்துக்கும் ஒரே குரலை வைத்துச் சமாளித்து வந்தார்.

"என்ன வலி?"

"வயிற்று வலி சார்."

"தின்னியதைப் பாத்துத் தின்னணும். எப்பப்பம் வரும்?"

"மாசாமாசம் சார்."

முதல்வர் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். சபிதாவைத் தவிர அறையிலிருந்த எல்லாவற்றையும் பார்த்து முடித்தபின் மணியை அடித்து, ஜெபகனி மேடத்தை வரச் சொன்னார். பெண்கள் விஷயம், பெண்ணே வரட்டும் என்பது அவருடைய நிர்வாகக் கொள்கை.

ஜெபகனி மேடம் ஆங்கிலத் துறை. அத்துடன், போன மாதம் தொடங்கிய மாணவர் குரல் மன்றத்தின் ஒருங்கிணைப்பாளர். மன்றம் தொடங்கியதற்குக் காரணம், அடுத்த மாதம் தர மதிப்பீட்டுக் குழு வருவது. குழு முன்கூட்டி அனுப்பிய கேள்விகளில் ஒன்று, 'அடையாளம், உடல்நலம், சமூக மாற்றம் ஆகியவை பற்றி உங்கள் மாணவர்கள் பொதுமேடையில் தாமாக முன்வந்து பேசுகிறார்களா?' என்பது. கல்லூரி 'ஆம்' என்று பதில் அனுப்பிவிட்டது. இனி அவர்கள் தாமாக முன்வருவது மட்டும்தான் பாக்கி.

"சமூக மாற்றத்துக்கு ஆள் கிடைச்சாச்சு சார்," என்றார் மேடம். "பி.காம் பையன். சுற்றுச்சூழலுக்காக பைக்கை விட்டுட்டு பஸ்ஸுல வாறான்."

"அவனுக்க பைக்கை போலீஸ்லா பிடிச்சு வச்சிருக்கு?"

"அந்த வரியை வெட்டியாச்சு சார். அடையாளத்துக்கு ஜெபிஷ் உண்டு. உடல்நலம்தான் கிடைக்கல்ல. எல்லாப் பிள்ளையளும் நல்லா திண்ணு திண்ணுன்னு இருக்குதுவ. ஒண்ணுக்கும் ஒரு கேடும் இல்ல."

இருவரும் ஒரே நேரத்தில் சபிதாவைப் பார்த்தார்கள். முதல்வர் இந்தமுறை முழுசாகவே பார்த்தார்.

"கர்த்தரா பாத்து அனுப்பியிருக்காரு," என்றார். "நீ பேசு மக்களே. மருத்துவக் காரணம் காட்டி வருகைக் குறைவை நான் தள்ளித் தாறேன். பரீட்சை எழுதலாம்."

"எனக்குப் பேச வராது சார்."

"பேச உனக்கு என்னத்துக்கு வரணும்? மேடம் எழுதித் தருவாங்க. நீ தாமாக முன்வந்தா மட்டும் போதும்."

சபிதா தாமாக முன்வந்தாள்.

*

அடையாளம் பற்றிப் பேச இருந்த ஜெபிஷ், களியக்காவிளைக்குப் பக்கத்து ஊர்க்காரன். ஓயாமல் வாயடிக்கிறவன். சின்ன வயதிலிருந்தே அவனுடைய சபையில் எல்லாக் கூட்டத்துக்கும் மைக் பிடித்து நிகழ்ச்சி நடத்துவது அவன்தான். மன்றத்துக்காக அவன் தானே ஒரு பேச்சை எழுதி வந்தான். அதைச் சபிதா கேட்டாள்.

"பாறசாலை தாண்டிக் கேரளத்துக்குள்ள போனா நான் பாண்டி. சென்னைக்குப் போனா, நீ மலையாளியான்னு கேப்பானுவ. நாகர்கோவில்காரனுக்கு நான் மேக்க உள்ளவன். வீட்டுல மட்டும்தான் நான் ஜெபிஷ். அங்கயும் அம்மா முதல்ல அண்ணனுக்க பேரைச் சொல்லிட்டுத்தான் எனக்க பேருக்கு வருவா."

கேட்ட பிள்ளைகள் சிரித்தார்கள். அதனால் பேச்சு பரிசீலனைக்குப் போனது. கல்லூரியில் கேரளத்துப் பிள்ளைகள் நிறையப் படிக்கிறார்கள் என்பதால் 'பாண்டி'யை எடுத்தார்கள். தாளாளர் நாகர்கோவில்காரர் என்பதால் மூன்றாவது வரி போனது. சென்னையில் கல்லூரிக்குக் கிளை திறக்கும் யோசனை இருந்ததால் இரண்டாவது வரியும் போனது. மிஞ்சியது அம்மா. அம்மாவை வைத்து ஏழு நிமிடம் பேச முடியாது என்று மேடம் சொன்னார்.

கடைசியில் தாளாளரே ஒரு தலைப்பு சொன்னார். அடையாளம் என்றால் மாணவனுக்கு அடையாள அட்டைதானே; அதை நாள்தோறும் கழுத்தில் அணிவதன் பெருமையைப் பேசட்டும். ஜெபிஷின் அட்டை போன வருடமே தொலைந்துபோயிருந்தது. ஆகவே அவனிடமிருந்து அடையாளம் பறிக்கப்பட்டு, அட்டை வைத்திருந்த இன்னொரு பையனுக்குக் கொடுக்கப்பட்டது. ஜெபிஷை நிகழ்ச்சித் தொகுப்பாளன் ஆக்கினார்கள்.

"நல்லதாப் போச்சு மக்கா," என்றான் சபிதாவிடம். "எனக்கு ஒரு பிரச்சனையும் இல்லன்னு மன்றமே சொல்லியாச்சு. உனக்க பேச்சு எப்பிடி?"

சபிதா தாளை நீட்டினாள். மேடம் எழுதியதில் முதலில் 'மாதவிடாய்' என்று இருந்தது. முன்வரிசையில் தாளாளரின் சம்பந்திகள் உட்காருவார்கள் என்பதால் அது 'இயற்கை உபாதை' ஆனது. அது வேறு எதையோ நினைவூட்டுகிறது என்று முதல்வர் சொன்னதால் 'ஒரு சவால்' ஆனது. இப்போது பேச்சு, 'ஒவ்வொரு மாதமும் ஒரு சவால் என் கதவைத் தட்டும். நான் நடுங்கியபடி கட்டிலில் கிடப்பேன்' என்று தொடங்கியது. முந்தின நாள் வீட்டில் அவள் இதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தபோது, அடுக்களையிலிருந்து அம்மா கரண்டியோடு வந்து, "ஏட்டி, யாரு கதவைத் தட்டினது? எந்த மாசம்?" என்று கேட்டாள். அவளைச் சமாதானப்படுத்த வெகுநேரம் ஆனது.

ஜெபிஷ் முழுவதையும் வாசித்தான். சவால் தட்டும். இருள் சூழும். அப்போது கல்லூரி ஒரு விளக்கை ஏற்றும். நலவாழ்வு அறை திறக்கும். அதன் மெத்தையில் மாணவி மறுவாழ்வு பெறுவாள். கடைசி வரி, 'இன்று எனக்கு வலி இல்லை, வெற்றி உண்டு'.

"இது பேச்சு இல்ல பிள்ளே, சாட்சி," என்றான்.

"என்னது?"

சபிதா வீட்டில் அய்யா வழி. பதி என்கிற தங்கள் கோயிலுக்குப் போவார்கள், வருவார்கள். கூட்டத்தில் எழுந்து நின்று சொந்தக் கதை சொல்லும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. ஜெபிஷ் விளக்கினான். சபைக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து வருவார். முன்பு நான் குடிகாரன், இப்போது இல்லை என்பார். முன்பு எனக்கு முட்டு வலி, இப்போது ஓடுகிறேன் என்பார். விழுந்தது, இருட்டு, வெளிச்சம், ஜெயம். எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்வார்கள். "மேடம் அப்பிடியே அடிச்சு வச்சிருக்காங்க. கர்த்தர் வார இடத்துல காலேஜ் வருது, அவ்வளவுதான் வித்தியாசம்."

*

நலவாழ்வு அறை முதல்வர் அறைக்குப் பக்கத்தில் இருந்தது. கட்டில், ரோஜா நிற விரிப்பு, வெந்நீர்ப் பை, மூலையில் ஒரு செடி. செடி பிளாஸ்டிக் என்பதால் கதவைத் திறந்து தண்ணீர் ஊற்றும் அவசியம் இல்லை. அறை எப்போதும் பூட்டியிருக்கும். பூட்டாவிட்டால் யாராவது நலமில்லாமல் உள்ளே போய்விடுவார்கள்.

ஒத்திகைக் காலத்தில் ஒருநாள் சபிதாவுக்கு வலி வந்தது. 'நலவாழ்வு அறை' என்ற வரிக்கு வந்தபோது மேசையைப் பிடித்துக்கொண்டாள். நெற்றி வேர்த்தது.

"அந்த முகம் கொள்ளாம்," என்றார் மேடம். "அதை அப்பிடியே வச்சுக்க. ஆனா 'மறுவாழ்வு' வந்த உடனே எடுத்திரணும்."

"மேடம், வலிக்குது. கொஞ்ச நேரம் அந்த ரூமுல படுத்துக்கிடட்டா?"

மேடம் அவளை ஒரு கணம் பார்த்தார். ஏதோ சொல்ல வந்ததுபோல இருந்தது. பிறகு ஒருங்கிணைப்பாளர் ஆனார்.

"இப்பம் படுத்தா விரிப்பு கசங்கும்லா மக்களே. குழு வந்துட்டுப் போகட்டும். உனக்காகத்தானே போட்டிருக்கு."

சபிதா நின்றுகொண்டே மறுவாழ்வு பெற்றாள்.

ஒத்திகை வகுப்பு நேரத்தில் நடந்தது. கணித வகுப்பெடுக்கும் பகவதியப்பன் சார், ஒத்திகைக்குப் போன நாட்களிலெல்லாம் அவளுக்கு 'வரவில்லை' என்று போட்டார். மேடத்திடம் சொன்னாள், கல்லூரிப் பணியில் இருந்ததாக முதல்வர் கையெழுத்துப் போட்டால் சரியாகும் என்றார். முதல்வரிடம் போனாள், நிகழ்ச்சி நல்லபடி முடியட்டும் என்றார். வலியால் போனதைவிட, வலியை வென்றதைப் பற்றிப் பேசிப் பழகியதில் போனது அதிகம் ஆனது. பலகையில் அடுத்து ஒட்டிய தாளில் அவள் பெயர் முதலாவதாக வந்தது. திற்பரப்புக்குப் போனவர்கள்கூட அவளுக்குக் கீழேதான் இருந்தார்கள்.

*

குழு வந்தது. வாசலில் செண்டை மேளம் அடித்தார்கள். குழுத் தலைவி வடக்கே எங்கோ ஒரு பல்கலைக்கழகத்தின் பேராசிரியை; வயதானவர், கால் வலிக்காரர். சுற்றிப் பார்க்கும்போது நலவாழ்வு அறைக்குள் போய், "அப்பாடா" என்கிற மாதிரி தன் மொழியில் ஏதோ சொல்லி, கட்டிலில் உட்கார்ந்தார். கூட நின்றவர்களுக்கு மூச்சு நின்றது. அந்தக் கட்டிலில் ஒரு மனித உடம்பு படுவது அதுதான் முதல் தடவை. அவர் எழுந்து போனதும் தாளாளரின் கார் டிரைவர் ஓடி வந்து விரிப்பை நீவிவிட்டார்.

அரங்கில் பிள்ளைகளை நிறைத்துக் கதவுகளை வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள். தாளாளர் பொன்னுலிங்கம் தொடக்கவுரை ஆற்றினார்.

"எங்கள் கல்லூரியில் மாணவர்களுக்கு முழுப் பேச்சுச் சுதந்திரம் உண்டு. மற்ற கல்லூரிகளில் என்ன செய்கிறார்கள்? பேசு என்று விட்டுவிடுகிறார்கள். அந்தப் பிள்ளை என்ன பேசுவது என்று தெரியாமல் முழிக்கிறது. இங்கே அந்தக் கஷ்டமே கிடையாது. பிள்ளைகளின் மனதில் என்ன இருக்கிறது என்பதை நாங்களே எழுதிக் கொடுத்துவிடுகிறோம். இந்த மேடையில் யாரும் எதையும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டியதை எல்லாம் முன்கூட்டியே எடுத்தாயிற்று."

பலத்த கைதட்டல் எழுந்தது. முதல் கைதட்டல் எங்கே என்பதும் ஒத்திகையில் இருந்தது.

சமூக மாற்றம் வந்து பஸ்ஸில் வருவதைப் பேசியது. அடையாளம் வந்து கழுத்து அட்டையைத் தூக்கிக் காட்டியது. அதன் பிறகு சபிதா. அவளுக்கு எதுவும் மறக்கவில்லை. சவால் கதவைத் தட்டியது, இருள் சூழ்ந்தது, மெத்தை வந்தது. 'வெற்றி உண்டு' என்று முடித்தபோது கண்ணில் தண்ணீர் வந்தது. அது பேச்சுக்காக வந்ததில்லை. பரீட்சை நினைவு வந்ததால் வந்தது. ஆனால் சரியான இடத்தில் வந்தது. மேடம் ஓரத்திலிருந்து தலையாட்டினார். பக்கத்திலிருந்தவர் மொழிபெயர்த்துச் சொல்லக் கேட்ட குழுத் தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கூட்டம் தட்டியது.

அடுத்து ஜெபிஷ் சொல்ல வேண்டியது, 'இத்துடன் நிகழ்ச்சி நிறைவடைகிறது, தேசிய கீதம்' என்பது. அவன் மைக்கை வாங்கினான். ஆனால் ஒருத்தி விழுந்ததையும் எழுந்ததையும் சொல்லி முடித்து, கண்ணீர் விட்டு, கூட்டமும் தட்டிவிட்டால், அதன் பிறகு என்ன சொல்ல வேண்டும் என்பது பத்து வயதிலிருந்து அவன் நாக்குக்குத் தெரியும். நாக்கு அவனைக் கேட்கவில்லை.

"சகோதரியினுடைய சாட்சிக்காக நன்றி," என்றான். "இன்னும் யாருக்காவது சாட்சி உண்டானால், சுருக்கமாக, முன்னே வரலாம்."

சொன்னபிறகுதான் அவனுக்கே கேட்டது. முன்வரிசையில் முதல்வர் செல்வதாஸின் வாய், அவருடைய அனுமதியில்லாமல், "ஸ்தோத்திரம்" என்றது.

அரங்கத்தில் பாதிப் பேருக்கு அந்த வார்த்தைகள் பழக்கம். அதைக் கேட்டால் எழுந்து போக வேண்டும் என்று உடம்புக்குத் தெரியும். மீதிப் பேர், பாதிப் பேர் எழுந்ததைப் பார்த்து எழுந்தார்கள். மேடைப் படியில் ஒரு வரிசை உருவானது.

முதலில் வந்தவள் ஜஸ்னா என்ற முதலாண்டுப் பெண். கைக்குட்டையைத் திருகிக்கொண்டே சொன்னாள். "எங்க மாடியில லேடீஸ் பாத்ரூம் பூட்டிக் கெடக்கு. கீழ போனா பாதி பீரியட் போயிரும், ஆப்சென்ட் போடுவாவ. அதனால நான் காலையிலிருந்து வெள்ளம் குடிக்கியதில்ல. போன மாசம் கிட்னியில கல்லுன்னு டாக்டர் சொன்னாரு. இப்பம் கல்லு சின்னதாத்தான் இருக்கு. அதுக்காக நன்றி."

கூட்டம் தட்டியது.

அடுத்து தேங்காப்பட்டணத்துப் பர்வேஸ். "சாட்சின்னா என்னன்னு எனக்குத் தெரியாது. ஆனா ஒரு காரியம் உண்டு. எனக்கு எடது காது கேக்காது. முன்னால இருக்கட்டான்னு கேட்டா, முதல் பெஞ்சு ரேங்க் எடுத்தவனுக்குன்னு சொல்லியாச்சு. காது கேட்டாத்தான் ரேங்க் வரும், ரேங்க் வந்தாத்தான் காது கேக்கும். மூணு வருசமா பாதிப் பாடம்தான் கேட்டிருக்கேன். அதையும் பாஸ் ஆயிட்டேன்."

இதற்கும் தட்டினார்கள். சபிதா தன் நினைவுப் பரிசைக் கட்டிப்பிடித்தபடி மேடையிலேயே நின்றாள். அவளை உட்காரச் சொல்ல வேண்டியவர் யாரோ, அவரும் வரிசையில் நின்றார்.

தாளாளர் கையை வெட்டுவதுபோல ஆட்டி ஜெபிஷுக்குச் சைகை காட்டினார். சுருக்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்ட ஜெபிஷ், "நேரத்தைக் கருத்தில் கொண்டு, ஆளுக்கு ரெண்டு நிமிசம்," என்று அறிவித்தான். வரிசை நீண்டது. தாளாளர் தன் டிரைவரை மைக் செட்காரரிடம் அனுப்பினார். மைக் செட்காரர் மாவட்டத்தின் எல்லாக் கோயில் கொடைக்கும் சபைக் கன்வென்ஷனுக்கும் ஒலிபெருக்கி கட்டுகிறவர். "சாட்சி நடக்கும்போ ஆஃப் பண்ணக்கூடாது, அது சரியில்ல," என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

நாலைந்து பேருக்குப் பிறகு வந்தது மாணவன் இல்லை, பகவதியப்பன் சார்.

"நான்தான் இந்தப் பிள்ளைக்கு ஆப்சென்ட் போட்டவன்," என்று சபிதாவைக் காட்டினார். "ஒத்திகைக்குப் போறாள்னு எனக்குத் தெரியும். ஆனா கம்ப்யூட்டர்ல ரெண்டே கட்டம்தான். வந்தாள், வரல்ல. கஷ்டப்படுதாள்னு மூணாவது கட்டம் இல்ல. எனக்கும் அப்பிடித்தான். போன மாசம் நெஞ்சு வலிச்சுது. வந்தேன்னு போட்டேன்."

கடைசியில் ஜெபகனி மேடமே வந்தார். மைக்கைச் சரிசெய்தார்.

"இந்தப் பேச்சை எழுதினது நான். எனக்கும் அந்தச் சவால் உண்டு. சவால் இல்ல, மாதவிடாய். இருபது வருசமா ஸ்டாஃப் ரூம் மேசையில தலையை வச்சுப் படுத்திருக்கேன். அந்த ரூமுக்குச் சாவி எனக்க கையிலதான் உண்டு. நான் ஒருநாள் கூடத் திறக்கல்ல. விரிப்பு கசங்கும்னு." கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு நிமிசம் ஆச்சு," என்று இறங்கிப் போனார்.

முன்வரிசைச் சம்பந்திகளில் ஒரு அம்மாள், அந்த வார்த்தை காதில் விழுந்தும் உயிரோடுதான் இருந்தார். இன்னும் சொல்லப்போனால், அவரும் வரிசையில் சேரலாமா என்று பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்.

*

ஜெபிஷுக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்ப அன்று சாயங்காலமே உத்தரவு தயாரானது. மறுநாள் காலை குழுத் தலைவி விடைபெறும்போது, தாளாளரின் கையைப் பிடித்துக்கொண்டு, நாட்டில் எத்தனையோ கல்லூரி பார்த்திருக்கிறேன், தன்னிச்சையான ஒன்றை இவ்வளவு அருமையாக ஒத்திகை பார்த்துச் செய்ததை எங்கும் பார்த்ததில்லை என்றார். உச்சத் தரம் கிடைத்தது. உத்தரவைக் கிழித்துவிட்டு ஜெபிஷுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

"இது எனக்க யோசனைதான்," என்று தாளாளர் செய்தியாளர்களிடம் சொன்னார். "பையன் எடுத்து நடத்தினான்."

வெள்ளிக்கிழமைதோறும் கடைசிப் பாடவேளை சாட்சி மேடை என்று ஆனது. வராதவர்களுக்கு ஆப்சென்ட். துறைக்கு வாரம் இரண்டு துன்பம் கட்டாயம். முதல் வாரம் பிள்ளைகள் உற்சாகமாகத் துன்பப்பட்டார்கள். இரண்டாம் வாரமே வேதியியல் துறையில் துன்பம் தீர்ந்துபோய், தாவரவியலில் கடன் வாங்கினார்கள். பாத்ரூம் மட்டும் பூட்டியே இருந்தது. அதைத் திறந்துவிட்டால் ஜஸ்னாவுக்கு அடுத்த வாரம் சொல்ல ஒன்றும் இருக்காது என்று மன்றம் கவலைப்பட்டது.

சபிதா முதல்வர் அறைக்குப் போனாள். வழியில் நலவாழ்வு அறைக் கதவு முழுவதையும் மறைத்து ஒரு ஃப்ளெக்ஸ். அதில் அவளே சிரித்துக்கொண்டிருந்தாள். 'வலியை வென்ற எங்கள் மாணவி'.

"சார், பரீட்சைக்கு அனுமதி தாறேன்னு சொன்னியளே."

"சொன்னேன். மறக்கல்ல." முதல்வர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "ஆனா மருத்துவக் காரணம் காட்டித்தான் தர முடியும். உனக்குத்தான் இப்பம் வலி இல்லியே. நீயே மேடையில சொன்ன. குழுவுக்க அறிக்கையில ஏறியாச்சு. கதவுல படமும் போட்டாச்சு."

"வலி இப்பமும் உண்டு சார். போன வாரம்கூட வந்துது."

"அது உனக்க தனிப்பட்ட கருத்து மக்களே. கல்லூரிக்க நிலைப்பாடு வேற."

சபிதா வெளியே வந்து தன் படத்தின் கீழே, தரையில் உட்கார்ந்தாள். அங்கே ஜெபிஷ் வந்தான். நடந்ததைச் சொன்னாள். இந்தப் பரீட்சை போனால் ஒரு வருடம் போகும். ஒரு வருடம் போனால் அப்பா அவளை வீட்டில் நிறுத்திவிடுவார். பிறகு கணிதமும் இல்லை, ஒன்றும் இல்லை.

ஜெபிஷ் சுவரில் சாய்ந்து யோசித்தான்.

"சொல்லுகேன்னு நினைக்காத. சாட்சி சொன்னவன் திரும்பக் குடிச்சா என்ன செய்வாங்க தெரியுமா?"

"அடிப்பாங்களா?"

"ஒருத்தனும் ஒண்ணும் சொல்லமாட்டான். அதுக்குப் பேரு பின்மாற்றம். ஜெயிச்சவன் பின்வாங்கிப் போயிட்டான். அவன் வந்து, நான் பின்வாங்கிப் போனேன்னு எல்லாருக்கும் முன்னால சொன்னான்னு வையி, அவனை அப்பிடியே கட்டிப்பிடிச்சுச் சேத்துக்கிடணும். முதல் தடவை வந்தவனைவிட அவனுக்குத்தான் மவுசு கூடுதல். எங்க மாமா நாலு தடவை பின்வாங்கியிருக்காரு. சபையில அவருக்கு முன் வரிசை. செல்வதாஸ் சார் ஒரு மூப்பரு பிள்ளே. வேற எதுக்கு மடங்காட்டாலும் இதுக்கு மடங்குவாரு."

"பொய் சொல்லாண்டாம்லா?"

"இதுலதான் உனக்குப் பொய்யே கிடையாது."

அந்த வெள்ளிக்கிழமை சபிதா மேடை ஏறினாள். கையில் தாள் இல்லை. முகத்தை எந்த இடத்தில் எப்படி வைக்க வேண்டும் என்றும் யாரும் சொல்லித் தரவில்லை.

"நான் ஜெயிச்சேன்னு சொன்னேன்லா. அது நிக்கல்ல. வலி திரும்ப வந்துட்டு. நான் பின்வாங்கிப் போனேன்."

அவ்வளவுதான். முப்பது விநாடிகூட ஆகவில்லை. தாளாளரின் முகம் இருண்டது. கதவில் ஒட்டிய படத்தை இனி என்ன செய்வது என்று அவர் கணக்குப் போட்டார். ஆனால் முதல்வர் செல்வதாஸ் எழுந்தார். கண் கலங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் அவருக்குள் ஒன்றாகிவிட்டன. மேடையேறி அவள் தலையில் கைவைத்தார்.

"பின்வாங்கினவளை நாம தள்ளிவிடக் கூடாது," என்றார் மைக்கில். "சேத்துக்கிடணும். வலி உண்டுன்னு அவளே அறிக்கை செய்தாச்சு. மருத்துவக் காரணத்தை நான் ஏத்துக்கிடுகேன். அவ பரீட்சை எழுதட்டும்."

அரங்கம் எழுந்து நின்று தட்டியது. இந்தக் கைதட்டல் எந்த ஒத்திகையிலும் இல்லை.

தாளாளருக்கும் இரவுக்குள் சமாதானம் ஆகிவிட்டது. பின்வாங்கியவள் எப்படியும் திரும்ப ஜெயிப்பாள்; ஒருமுறை வென்றவளைவிட இரண்டுமுறை வென்றவள் படத்துக்கு நல்லது. கதவிலிருந்த ஃப்ளெக்ஸின் மேல் 'மீண்டும்' என்று ஒரு பட்டி ஒட்டினார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை, வருகைக் குறைவுப் பட்டியலில் இருந்த அத்தனை பேரும், திற்பரப்புக்குப் போனவர்கள் உட்பட, பின்வாங்கிப் போனதாக அறிக்கை செய்ய வரிசையில் நின்றார்கள். முதல்வர் அத்தனை பேரையும் சேர்த்துக்கொண்டார். அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

பரீட்சை நாள் காலையில் சபிதாவுக்கு வலி வந்தது. படியேறும்போது ஜெபகனி மேடம் பக்கத்தில் வந்து, சேலை முந்தானைக்குள்ளிருந்து நலவாழ்வு அறையின் வெந்நீர்ப் பையை எடுத்து அவள் கையில் திணித்துவிட்டுப் போனார். சூடாக இருந்தது. சபிதா தன் இடத்தில் உட்கார்ந்து, அதை வயிற்றோடு அணைத்து, துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். கேள்வித்தாளில் முதல் மூன்று கணக்கும் அவளுக்குத் தெரிந்தவை.

முதல்வர் சுற்றி வந்தவர் அவள் பெஞ்சருகே நின்றார். நெற்றி வேர்வையைப் பார்த்தார். குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

"வலி உண்டா மக்களே?"

"உண்டு சார்."

"கொள்ளாம்," என்றார் முதல்வர், நிம்மதியாக. "வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்கட்டும். அன்னைக்குத்தான் நீ திரும்ப ஜெயிக்கிய."